டிரெயில் பைக்குக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், ஞாயிற்றுக்குள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தருமபுரியில் நாற்பதைத் தாண்டிய சிலர், இளவயதில் விட்டுவிட்ட பழக்கத்தை, மண்பாதையில் பைக் ஓட்டுவதை, மறுபடி தொடங்கியிருக்கிறோம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர் எந்த வண்டியை வாங்கலாம் என்று எங்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். அச்சகத்தில் ஞாயிற்றுக்கிழமை கேட்கிறார்கள். உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்பில்தான் நிற்கிறேன். இப்படி மண்பாதைக்கென்றே வரும் 'டிரெயில் பைக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அப்படியே டிரெயில் என்று எழுதிவிடலாம் என்றால் அதிலும் குழப்பம். கல்லின் மேல் கால் ஊன்றாமல் ஏறிக்காட்டும் 'டிரயல்' போட்டி ஒன்று இருக்கிறது. அதற்கான வண்டியில் உட்கார இருக்கை என்றே ஒன்று இருக்காது. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் படிக்கிறது. போதாக்குறைக்கு, முன்சக்கரம் ஹேண்டில் தண்டுக்கு எவ்வளவு பின்தங்கி நிற்கிறது என்ற அளவுக்கும் டிரெயில் என்றே பெயர். மூன்றும் என் கையேட்டில் வருகின்றன.

சொல் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று கையேட்டின் சாரத்தைத் தருகிறேன். குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். நாம் ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 நூறு கிலோவை ஒட்டியது. கை அந்த எடையைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 ஏறத்தாழ 199 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 நான்கு வால்வு 158 கிலோ அளவில் இருக்கிறது, இருக்கை 825 மி.மீ. உயரம். அதிலேயே புரோ வகைக்குப் போனால் தரை இடைவெளி 270 மி.மீ. கிடைக்கும், ஆனால் இருக்கை 891 மி.மீ. ஆகிவிடும். என் உயரக்காரனுக்குச் சரிவில் ஒரு கால்கூடத் தரையில் எட்டாது. நான் முதலில் பெரிய வண்டியைத்தான் வாங்கினேன். சித்தேரிப் பக்கம் ஒரு ஓடையோரம் சாய்த்துவிட்டு, ஆடு மேய்த்த பெரியவர் வந்து கைகொடுக்கும்வரை அரைமணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கையேடு எழுதும் எண்ணம் அங்கே வந்ததுதான்.

'தடவண்டி' என்று வைத்திருக்கிறேன். சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து

—

ஐயா, வணக்கம்.

தருமபுரியில், அதாவது அதியமான் ஆண்ட பழைய தகடூரில், உட்கார்ந்துகொண்டு சொல்லுக்கு அலைய வேண்டுமா? அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூறு 102-ஐப் பாருங்கள். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. "அவல் இழியினும் மிசை ஏறினும்" வழியில் என்ன நேருமோ என்று உப்பு வணிகர்களான உமணர்கள் வண்டியின் அடியில் ஒரு சேம அச்சை, அதாவது மாற்று அச்சைக், கட்டிவைத்தார்களாம். அந்தச் சேம அச்சைப் போன்றவன் எழினி.

அவல் பள்ளம், மிசை மேடு. பள்ளத்தில் இறங்குவது, மேட்டில் ஏறுவது, பழகாத கை, மிகையான பாரம். உங்கள் கையேட்டின் நான்கு அதிகாரமும் இந்த வரிகளிலேயே இருக்கின்றன. 'அவல்மிசை வண்டி' என்று வையுங்கள். இந்த மண்ணில் பிறந்த சொல்லை இந்த மண்ணே ஆளட்டும். கூடவே, மாற்று டியூபுக்குச் 'சேம டியூப்' என்று எழுதுங்கள்.

அரூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

—

அண்ணே, வணக்கம். நான் பாலக்கோட்டுல பட்டறை வெச்சிருக்கேன். தமிழ் ஐயா மேல மரியாதை வெச்சே சொல்றேன், அவல்னா இன்னைக்குப் பொரியும் அவலும்தான். கடைக்கு வர்ற பையன்கிட்ட அவல்மிசை வண்டின்னு சொன்னா அவன் பதில் பேசாம அடுத்த பட்டறைக்குப் போயிடுவான். நாங்க 'மண்ரோட்டு வண்டி'ன்னு சொல்றோம். அது போதாதா? சேம டியூப் மட்டும் நல்லா இருக்கு, நாளையிலிருந்து நானே சொல்லிப் பாக்குறேன்.

—

> 'தடவண்டி' என்று வைத்திருக்கிறேன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் ஊத்தங்கரை. தடம் + வண்டி, மகரம் கெட்டுத் தடவண்டி. புணர்ச்சியில் பிழையில்லை. ஆனால் 'தட' என்ற உரிச்சொல் தனியே இருக்கிறதே? தொல்காப்பிய உரியியல் "தடவும் கயவும் நளியும் பெருமை" என்கிறது. அப்படிப் படித்தால் தடவண்டி பெரிய வண்டி ஆகிவிடும், உங்கள் கையேடு சொல்வதற்கு நேர் எதிர். அடுத்த நூற்பாவோ "தட என் கிளவி கோட்டமும் செய்யும்" என்கிறது. கோட்டம் என்றால் வளைவு. வளைந்து வளைந்து போவதால்தான் வழிக்குத் தடம் என்ற பெயர் வந்ததா என்று எனக்கு நெடுநாளாக ஒரு எண்ணம். தடாகத்தின் வளைந்த கரை, தடக்கை என்று சேர்த்துப் பார்த்தால்...

(இந்த மடலின் மீதி, தடாகம் பற்றிய ஆறு பத்தி, தனி இழைக்கு மாற்றப்பட்டது. மட்டுறுத்துநர்)

—

தடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வண்டிக்குத் தடவண்டி என்றால் ஓட்டத்துக்குத் தட ஓட்டம் என்றாக வேண்டும். தடகளம் என்று விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் படிக்கிறோம், தட ஓட்டம் என்றதும் நூறு மீட்டர்தான் நினைவுக்கு வரும். சேர்த்துத் தடவோட்டம் என்று எழுதினால் தடவிக்கொண்டு ஓட்டுவதாகக் கேட்கிறது. 'காட்டுத்தடம்' என்று அடை கொடுத்தால் தெளியும்.

ஓசூரிலிருந்து

—

காட்டுத்தடம் வேண்டவே வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பள்ளி ஆசிரியை. எங்களைச் சுற்றியுள்ள காடுகள் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அஞ்செட்டிச் சாலையில் யானை கடக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் வண்டியை விடுவது குற்றம். அட்டையிலேயே 'காட்டுத்தட வண்டி' என்று அச்சடித்தால், படிக்கிற இளைஞன் அதை அனுமதியாக எடுத்துக்கொள்வான். "எங்க ஊருல காடுன்னா மானாவாரி நிலம்தானே, காட்டுக்குப் போறேன்னா கொள்ளு விதைக்கத்தானே போறோம்" என்று என் அம்மா சொல்வார். உண்மைதான். ஆனால் கையேடு பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கைக்கும் போகும்.

நான் சொல்ல நினைத்தது கரடு. எங்களைச் சுற்றி இருப்பது அதுதான். பாறையும் செம்மண்ணும் முள்ளுமாக, மலை என்று சொல்ல முடியாத உயரத்தில் நிற்பதைக் கரடு என்கிறோம். அதன் மேல் ஆடு போன வழிதான் நீங்கள் ஓட்டும் வழி. 'கரட்டுத்தடம்', 'கரட்டுத்தட வண்டி'. கரடுமுரடு என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் கரடு தெரியாத ஊர்க்காரருக்கும் பாதி விளங்கிவிடும்.

—

ஆசிரியை அம்மா சொன்ன கரடு அருமை. ஆனால் எங்கள் ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறையப் பேர். கன்னடத்தில் கரடு என்றால் எழுத்து வரைவு. 'பாட்டை' என்று பாருங்களேன், வண்டிப்பாட்டை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தெலுங்கில் பாட்ட என்றாலும் வழிதான். மூன்று மொழிக்காரரும் ஒரே வண்டியில் ஏறலாம்.

—

கையேடு எழுதுகிறவன் மறுபடி வருகிறேன். தூய்மைக்கும் விளங்குதலுக்கும் நடுவே நாற்பது மடல் ஓடிவிட்டது, எல்லாவற்றையும் படித்தேன். தலைப்பு ஒருபுறம் இருக்கட்டும், முன்சக்கர டிரெயிலுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே? திரும்பி வருகிறவர் கடையில் ஏமாறுவது அங்கேதான். பின்ஷாக்கை உயர்த்திக் கட்டிய பழைய வண்டியைப் பார்த்து, உயரமாக இருக்கிறது, காட்டுக்கு ஆகும் என்று வாங்கிவிடுகிறார்கள்.

—

அண்ணே, அதைப் பேர் வெச்சுச் சொல்றதைவிடக் காட்டிச் சொல்றது சுலபம். போன வாரம் ஒரு பழைய ஹீரோ இம்பல்ஸ் பைக் வந்துச்சு, 2011-ல வந்த மாடல். வாங்கலாமான்னு கேட்டாங்க. வண்டியை நேரா நிமித்திப் பிடிக்கச் சொல்லிட்டு, ஹேண்டில் தண்டு சாய்ஞ்சிருக்கிற அதே சாய்வுல ஒரு நூலைத் தரைவரைக்கும் இழுத்தேன். நூல் தொட்ட இடத்துல சாக்பீஸால ஒரு புள்ளி. அப்புறம் முன் ஆக்சில்ல இருந்து நூல்ல ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொட்ட இடத்துல இன்னொரு புள்ளி. ரெண்டாவது புள்ளி பின்னாடிதான் விழும். நடுவுல நாலு விரல், அஞ்சு விரல் இடம் இருக்கும். அதான் நீங்க கேக்குற டிரெயில். ஆஸ்பத்திரிக் கட்டிலோட சின்னச் சக்கரத்தைப் பாருங்க, தள்ளினா ஆணிக்குப் பின்னாடி போய் நின்னுக்கும். அதே கணக்கு.

பின்ஷாக்கைத் தூக்கிக் கட்டினா தண்டு நிமிரும், இந்த இடைவெளி குறையும். ஹேண்டில் லேசாத் திரும்பும், ஆனா சரிவுல வேகம் எடுத்தா ஆடும். ரொம்ப நாள் விட்டுட்டு வர்றவங்களுக்கு இடைவெளி நல்லா இருக்கிற வண்டிதான் பதறாமப் போகும். அந்த இம்பல்ஸை வேண்டாம்னு சொல்லிட்டேன், இடம் ரெண்டு விரல்தான் இருந்துச்சு. எங்கேயோ முன்னாடி மோதினதுல தண்டே நிமிர்ந்துபோயிருக்கு. பட்டறையில நாங்க இதுக்குப் பேரே வெக்கலை. வெக்கணும்னா 'வால்'னு வைங்க.

—

தம்பி, இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. அதே ஔவையார் அதியமானைப் பாடிய இன்னொரு பாட்டில், நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த சக்கரத்தைக் 'கால்' என்கிறார். அதனால் 'கால்வால்' என்று...

அரூரிலிருந்து

—

கால்வால் என்றால் வால்வு என்று படிப்பார்கள், ஐயா. 'பின்தங்கு தொலைவு' போதும்.

ஊத்தங்கரை, சென்னை

—

அன்பர்களே, சனி இரவு. பக்கங்கள் காலையில் போகின்றன. எண்ணிப் பார்த்தேன்: கரட்டுத்தட வண்டிக்கு ஒன்பது பேர், மண்ரோட்டு வண்டிக்கு ஆறு, பாட்டை வண்டிக்கு மூன்று, அவல்மிசைக்கு ஒருவர். அட்டையில் 'கரட்டுத்தட வண்டி' என்று போகிறது. உள்ளே முதல்முறை வரும் இடத்தில் 'டிரெயில் பைக்' என்பதும் இருக்கும். வண்டியின் எல்லா நீர்மங்களும் நிரம்பிய எடைக்கு 'நிறையெடை' என்று எழுதியிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை. முன்சக்கர டிரெயிலுக்குப் பின்தங்கு தொலைவு என்று போட்டு, பக்கத்தில் பாலக்கோட்டுத் தம்பியின் நூலும் நட்டும் சாக்பீஸ் புள்ளியும் படமாக வருகின்றன. காட்டுக்குள் வண்டியை விடக்கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன், ஆசிரியை அம்மாவுக்கு நன்றி.

—

ஐயா, ஒன்பது பேர் சொன்னதால் ஒரு சொல் சரியாகிவிடாது. கரடு என்பது மேடு மட்டும்தான். நீங்கள் வண்டியைச் சாய்த்தது ஓடையோரம், பள்ளத்தில். ஏறுவதைச் சொல்கிற சொல் இறங்குவதையும் சொல்ல வேண்டாமா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுகிறேன்.

அரூரிலிருந்து