புது சோஃபாவ பூனை பிச்சு எடுக்குது, அடிக்காம நிறுத்த வழி இருக்கா? (கிருஷ்ணகிரி)

மாடிவீட்டு மல்லி:
எல்லாருக்கும் வணக்கங்க. நாங்க கிருஷ்ணகிரி பழையபேட்டைல மாடி வீட்ல வாடகைக்கு இருக்கோம். எங்க வீட்டுக்காரர் புளி மண்டில கணக்கு எழுதுறார், போன வருஷம் பங்குனில சீசன் நேரத்துல அங்க சாக்கு மூட்டைக்கு இடுக்குல ஒரு குட்டி தனியா கத்திட்டு கெடந்துச்சுன்னு சட்டைக்குள்ள போட்டு தூக்கிட்டு வந்தார். பேரு புளிக்குட்டி. பொட்டப் பூனை, இப்ப ஒரு வயசு தாண்டிருச்சு, என் பொண்ணு இது கூட தான் தூங்குவா.

பிரச்சனை என்னன்னா ரெண்டு மாசம் முன்னாடி துணி சோஃபா ஒண்ணு 28 ஆயிரத்துக்கு டியூல எடுத்தோம், அதுல கை வைக்கிற பக்கத்து மூலைய நகத்தால கிழிச்சு உள்ள இருக்க ஸ்பாஞ்சு வெளிய தெரியுது. காலைல தூங்கி எந்திரிச்சதும் நேரா அங்க தான் போகும். சத்தம் போட்டேன், தண்ணி தெளிச்சேன், ஒரு நாள் கோவத்துல தொடப்பத்தால ஒண்ணு போட்டுட்டேன், அன்னைக்கு ராத்திரி வரைக்கும் பீரோ அடியில இருந்து வெளிய வரவே இல்ல, எனக்கு சாப்பாடே எறங்கல. ஆனா மறுநாள் நான் குளிக்கப் போன நேரத்துல திரும்ப அதே வேலை. கீழ் வீட்டு அக்கா அந்துருண்டை போடச் சொல்றாங்க, தெரிஞ்சவர் ஒருத்தர் நகத்தையே எடுத்துடலாம்ங்கிறார், எங்க அத்தை டேம் பக்கம் கொண்டு போய் விட்டுடுன்னு தெனம் சொல்றாங்க. எனக்கு விட மனசு வரல. பூனை வச்சிருக்கவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

தகடூரான்:
சிஸ்டர் மொதல்ல அந்த மூலைல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் ஒட்டுங்க, பாதத்துல பிசுபிசுன்னு ஒட்டுனா பூனைக்குப் பிடிக்காது. எங்க வீட்ல அதுல சோஃபாவ விட்டுச்சு, ஆனா அதோட நிக்கல, கதவு நிலைக்கு மாறிருச்சு. அதனால டேப் மட்டும் பத்தாது.

மல்பெரி தோட்டம்:
தங்கச்சி, நான் பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளக்குறேன். புழு மனைக்கு எலி வரக்கூடாதுன்னு வாசல்ல எப்பவும் மூணு நாலு பூனை இருக்கும், பத்து வருஷமா பாத்துட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் பெருசாவே எழுதுறேன்.

பூனை பொராண்டுறது சேட்டை இல்லம்மா, நம்மள பழி வாங்கவும் இல்ல. அதோட நகத்துக்கு மேல பழைய ஓடு ஒண்ணு இருக்கும், பொராண்டுனா தான் அது கழண்டு புது நகம் கூரா வெளிய வரும். உங்க சோஃபா அடியில கூட்டிப் பாருங்க, பிறை மாதிரி சின்னதா ஓடு கெடக்கும். பாதத்துல வாசனை சுரப்பி இருக்கு, பொராண்டுற எடத்துல அந்த வாசனை ஒட்டி இது என் வீடுன்னு ஆயிரும். தூங்கி எந்திரிச்சதும் அங்க போகுதுன்னு சொன்னீங்களே, அது நாம சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகு நீட்டி உடம்ப இழுத்து விடுறது. இத்தனை வேலை ஒண்ணா நடக்குற காரியத்த அடிச்சு நிறுத்த முடியாது. அடிச்சா என்ன கத்துக்கும்னா, நீங்க இருக்கும்போது பண்ணக்கூடாதுன்னு மட்டும் கத்துக்கும். அதான் நீங்க குளிக்கப் போன நேரம் பாத்து பண்ணிருக்கு. இனிமே தொடப்பம் எடுக்காதீங்க, உங்கள நம்பி வந்த ஜீவன்.

இப்ப உங்க கேள்வியிலயே ஒரு விஷயம் இருக்கு, நீங்க கவனிக்கல. அது சாக்கு மூட்டைல கெடந்த குட்டி. கண்ணு முழிச்சு மொத மொதல்ல நகம் போட்டதே சாக்குல தான் இருக்கும். அந்த சொரசொரப்பு அதுக்குப் பழக்கம், உங்க வீட்ல அதுக்கு ஒத்து வர்றது அந்த சோஃபா துணி ஒண்ணு தான். உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லி மண்டில இருந்து பழைய கோணிச்சாக்கு ரெண்டு கொண்டு வரச் சொல்லுங்க, பிளாஸ்டிக் சாக்கு வேணாம், சணல் சாக்கு. அத ஒரு கட்டைல இறுக்கி சுத்தி, கிழிச்ச மூலைய ஒட்டியே வைங்க. நெறைய பேரு இத பால்கனி ஓரமா கொண்டு போய் வச்சிட்டு பூனை தொடலன்னு சொல்லுவாங்க, மனுஷங்க நடமாடுற எடத்துல தான் அதுக்கு அடையாளம் வைக்கணும்.

இன்னொண்ணு, குப்பைமேனி தெரியும்ல, அதுக்கு பூனைவணங்கின்னே ஒரு பேரு உண்டு. எங்க மல்பெரிக்கு நடுவுல களையா மொளைக்கும், களை எடுத்து வேரோட போட்டா பூனைங்க ஓடி வந்து அந்த வேர் மேல பொரளும். அந்த வேர நசுக்கி சாக்கு மேல நல்லா தேச்சு விடுங்க. தேச்சிட்டு வேர எடுத்துடுங்க, திங்க விடாதீங்க, அந்தச் செடி வாந்தி வர வைக்கும். அந்துருண்டை வேணவே வேணாம், பூனைக்கு அது விஷம். பினாயிலும் அப்படித்தான், பாதத்துல பட்டு அத நக்கிச்சுன்னா கெட்டது.

பாலக்கோடு ஆசாரி:
மல்பெரி தோட்டம் அக்கா சொன்னது சரி. கட்டைய பத்தி மட்டும் நான் சொல்றேன், ரெண்டு பேருக்கு செஞ்சு குடுத்திருக்கேன். உயரம் மூணு அடி இருக்கணும், பூனை பின்னங்கால்ல நின்னு முழுசா எட்டிப் பொராண்டணும், கடைல விக்குற ஒன்றரை அடி ஐட்டம் குட்டிக்குத் தான் ஆகும். அடில பிளைவுட் ரெண்டடிக்கு ரெண்டடி போடுங்க, 18 எம்எம் இருந்தா நல்லது, ஏன்னா ஒரே ஒரு தடவை ஆடி சாஞ்சுச்சுன்னா பூனை பயந்து அப்புறம் அந்தப் பக்கமே வராது. ஆணி தலை எதுவும் வெளிய நீட்டக்கூடாது, சாக்க பெவிகால் போட்டு ஒட்டி ஓரத்த கோணி ஊசில தெச்சிடுங்க. கயிறு சுத்தணும்னா கத்தாழை நார் கயிறு, வெளிநாட்ல பூனைக்கட்டைக்கு சுத்துறதும் அந்த வகை நாரு தான். ஒரு பூனை நின்னு பொராண்டும், ஒண்ணு தரைல படுத்துப் பொராண்டும், உங்களது சோஃபா மூலைல பண்ணுறதால நிக்கிற வகை.

அரூர்ல இருந்து:
நான் கால்நடை ஆஸ்பத்திரில உதவியாளரா இருக்கேன் மேடம். நகத்த எடுக்கிறதுன்னா நகம் மட்டும் போறதில்ல, விரலோட கடைசி எலும்பையே வெட்டி எடுக்கணும், நம்ம விரல மேல் கணுவோட வெட்டுற மாதிரி. இங்கிலாந்துல தடை, அமெரிக்கால நியூயார்க் மாநிலம் 2019ல தடை போட்டுச்சு. தயவு செஞ்சு அத நெனைக்கவே நெனைக்காதீங்க. அதுக்குப் பதிலா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை நுனிய மட்டும் வெட்டுங்க. தூங்கி வழியுற நேரத்துல மடில வச்சு பாதத்த லேசா அமுக்குனா நகம் வெளிய வரும், வெளிச்சத்துல பாத்தா உள்ள செவப்பா தெரியும், அது ரத்த ஓட்டம், அங்க போகாம முன்னாடி கூர் மட்டும். ஒரே நாள்ல எல்லா விரலும் முடிக்கணும்னு இல்ல. டேம் பக்கம் விடுறது பத்தி அத்தை கிட்ட சொல்லுங்க, வீட்ல வளந்த பூனைக்கு அங்க எரை தேடவும் தெரியாது, நாய்கிட்ட தப்பிக்கவும் தெரியாது.

மாடிவீட்டு மல்லி (மூணு வாரம் கழிச்சு):
சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். அவர் மண்டில இருந்து சாக்கு கொண்டு வந்தார், மரக்கடைல கட்டை வாங்கி ஆசாரி அண்ணன் சொன்ன அளவுல செஞ்சோம். கொண்டு வந்து வச்ச அன்னைக்கே புளிக்குட்டி அந்த சாக்க ரொம்ப நேரம் மோந்து பாத்துட்டு கன்னத்த வச்சு ஒரசுச்சு, புளி வாசனை இன்னும் இருந்திருக்கும் போல, எனக்கு அழுகையே வந்துருச்சு. சோஃபா மூலைல டேப்பும் ஒட்டி இருக்கேன். மொத வாரம் ரெண்டு பக்கமும் போச்சு, இப்ப அஞ்சாறு நாளா சோஃபா பக்கம் போகல. கட்டைல பொராண்டுனா உடனே துளி கருவாடு குடுக்குறேன். நகம் வெட்ட மட்டும் இன்னும் கை நடுங்குது, நாலு விரல் தான் ஆச்சு. அத்தை டேம் பேச்ச விட்டுட்டாங்க, நேத்து கோயிலுக்குப் போயிட்டு வரும்போது வழில இருந்த குப்பைமேனிய அவங்களே வேரோட புடுங்கிட்டு வந்தாங்க.

ஒரு சந்தேகம், சாக்கு அதுக்குள்ள நார் நாரா தொங்குது, பாக்க நல்லா இல்ல, அவுத்துட்டு புதுசு மாத்தவா?

மல்பெரி தோட்டம்:
அவுக்காதீங்க தங்கச்சி, இப்ப தான் அதுல அதோட வாசனை ஏறியிருக்கு. பழசு மேலயே புது சாக்க பாதி உயரத்துக்கு மட்டும் தெச்சு விடுங்க. தொங்குற நூல மட்டும் வெட்டிடுங்க, முழுங்கிறப் போகுது. கருவாடு உப்பு போடாததா பாருங்க, இல்லன்னா வேகவச்ச மீன் துளி போதும்.