மறுமொழி: 'கையெழுத்துரு' போதுமா?

> கேஷுவல் ஹேண்ட்-டிரான் ஃபான்ட்டுக்குக் 'கையெழுத்துரு' போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

நண்பர்களுக்கு வணக்கம். கையால் இயல்பாக வரைந்தது போன்ற எழுத்துரு வகைக்கு (casual hand-drawn font) நாம் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்; 'கையெழுத்துரு' போதும் என்ற கருத்துக்கு இது என் பதில்.

சுருக்கம்தான். ஆனால் 'கையெழுத்துப் போடுங்க' என்றால் நாம் ஒப்பமிடுகிறோம். 'கையெழுத்துரு' என்பதை ஒப்பத்தின் படம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். கவிவனார் என்ற தமிழ் எழுத்துரு போல, நோட்டுப் புத்தகத்தில் சாய்த்து எழுதியது போன்ற வகைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் சொன்ன 'வரையெழுத்துரு'வும் பொருந்தாது; எல்லா எழுத்துருவும் யாரோ வரைந்ததுதானே.

நாம் பெயர் தேடுவது காமிக் சான்ஸ் என்ற ஆங்கில எழுத்துருவின் வகைக்கு. மைக்ரோசாஃப்ட் பாப் மென்பொருளில் ஒரு கார்ட்டூன் நாயின் பேச்சு டைம்ஸ் நியூ ரோமன் என்ற இறுக்கமான எழுத்துருவில் வந்தது. அது ஒட்டவில்லை என்றுதான் 1994இல் வின்சென்ட் கொனேர், காமிக்ஸ் புத்தக எழுத்தைப் பார்த்து காமிக் சான்ஸை வரைந்தார். அந்த இறுக்கமின்மை பெயரிலும் தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: கைப்போக்கு எழுத்துரு. 'கை போன போக்கில் வரைந்தேன்' என்று சொல்கிறோமே, அதிலிருந்து. கையும் வருகிறது, இயல்பும் வருகிறது.

எங்கே பயன்படுத்துவது என்பதையும் வரையறையோடு சேர்க்கச் சொல்கிறேன். கோத்தகிரியில் வீட்டுத் தயாரிப்புகளுக்கு லேபிள் செய்து கொடுக்கிறேன். பிளம்ஸ் ஜாம் பாட்டிலுக்கும் வர்க்கி பொட்டலத்துக்கும் இந்த வகை அவ்வளவு பாந்தம். வீட்டு அடுப்பில் செய்தது என்று எழுத்தே சொல்லிவிடும். ஆனால் போன சீசனில் 'கேரட் கேக்' என்று அடித்ததை ஒரு பெரியவர் 'கோட் கேக்' என்று வாசித்தார். லேபிளை வாங்கிப் பார்த்தேன். ர-வின் கீழ்வால் தேய்ந்து துணைக்காலாகியிருந்தது. முன்னால் 'கே' நிற்க, இரண்டும் சேர்ந்து 'கோ' ஆகிவிட்டது. வடிவமைப்பாளர் கை எப்படிப் போனாலும் ர-வின் வாலை மட்டும் விடக் கூடாது. அதன்பின் பெயருக்கு மட்டும் கைப்போக்கு. காலாவதி தேதி, சேர்பொருள்கள் எல்லாம் நேரான எழுத்துருவில்தான்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே 'முதல் கியரில் இறங்கவும்' என்ற பலகை இந்த எழுத்தில் இருக்கவே கூடாது. ஓட்டுநருக்கு அதை வாசிக்க ஒரு நொடிதான். இரங்கல் அறிவிப்புக்கும் வேண்டாம்.

'கைப்போக்குரு' என்று இன்னும் சுருக்கலாமா? எனக்குக் காதில் உறுத்துகிறது. மற்றவர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.