டிராக் சமன்பாட்டின் 4 எண் நிரல் ஏன் திசையன் இல்லை?

கேள்வி:
எலக்ட்ரானுக்கான சார்பியல் குவாண்டம் சமன்பாடான டிராக் சமன்பாட்டை மூன்று தடவை கைப்பட எழுதி வருவித்துவிட்டேன். அதில் வரும் காமா அணிகள் 4×4, ஆகவே அவை செயல்படும் நிரலில் (மேலிருந்து கீழாக அடுக்கிய எண்கள்; பெயர் ஸ்பின்னர்) 4 எண்கள். அதுவரை சரி. ஆனால் சுழற்றும்போது அந்த நிரலுக்கு மட்டும் பாதிக் கோணம் எங்கிருந்து வருகிறது? காலவெளிக்கும் 4 பரிமாணம்தானே? புத்தகம் "இப்படி மாறும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. மனசு ஒப்பவில்லை.

பதில் 1:
இரண்டும் 4 ஆனது தற்செயல். 6 பரிமாணத்தில் அந்த நிரலுக்கு 8 எண், 10-இல் 32.

பதில் 2:
நானும் இதே இடத்தில் ரொம்ப நாள் நின்றேன். அணிகளை ஓரமாக வைத்த பிறகுதான் பிடிபட்டது. காமா அணிகள் பின்பற்றுவது கிளிஃபோர்டு இயற்கணிதத்தை, அதாவது திசையன்களையே ஒன்றோடொன்று பெருக்கும் கணக்கு முறையை. அதில் அலகுத் திசையன் அ-வைத் தன்னோடே பெருக்கினால் 1. செங்குத்தான இரண்டின் வரிசையை மாற்றினால் குறி மாறும். அ-வுக்குச் செங்குத்தாக ஒரு கண்ணாடி வையுங்கள். அதில் வ என்ற திசையனின் பிம்பம் −அவஅ. (வ-வுக்கு அ-வையே போட்டுப் பாருங்கள், −அ வரும்.) அடுத்து ஆ என்ற கண்ணாடி: ஆஅவஅஆ. இரண்டு பிரதிபலிப்பு சேர்ந்தால் ஒரு சுழற்சி. கண்ணாடிகளுக்கு இடையே 30 பாகை என்றால் வ திரும்புவது 60 பாகை. உங்கள் பாதிக் கோணம் அந்த 30தான்.

ஆஅ என்பதைச் சு என்போம். திசையனை அது இரண்டு பக்கமும் அணைத்துப் பெருக்குகிறது. நிரலையோ இடப்பக்கம் மட்டும். ஆ-வை மெல்ல 180 பாகை திருப்பினால் அது −அ ஆகும்; சு = −1, சுழற்சி முழு 360. திசையனில் இரண்டு −1-உம் அடிபட்டுப் போகும். நிரலில் ஒன்று தங்கிவிடும். 1975-இல் நியூட்ரான் கற்றையைப் பிரித்து மீண்டும் சேர்க்கும் குறுக்கீட்டுச் சோதனைகளில் இந்தக் குறி மாற்றத்தைப் பார்த்தே விட்டார்கள்.

கேட்டவர்:
கண்ணாடி விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை, நன்றி! ஆனால் இயற்கணிதத்துக்கே 16 பரிமாணம். அது தன் மேலேயே இடப்பக்கமாகச் செயல்படலாமே, 4 மட்டும் ஏன்?

பதில் 2:
தாராளமாகச் செயல்படலாம். கலப்பெண்களை அனுமதித்தால் அந்த 16-உம் சேர்ந்து எல்லா 4×4 அணிகளும்தான். அணியை இடப்பக்கம் பெருக்கினால் அதன் நிரல்கள் ஒன்றோடொன்று கலக்காது. ஒவ்வொன்றும் தனித்தனியாக மாறும். ஆக 16 என்பது ஒரே ஸ்பின்னரின் நான்கு பிரதிகள். ஒரு நிரலை அதற்கு மேல் உடைக்க முடியாது, வேறு மாதிரி நிரலும் கிடையாது. யார் எந்தக் காமா அணிகளைத் தேர்ந்தாலும் ஒன்றை மற்றொன்றாக மாற்றிவிடலாம் என்று இயற்பியலாளர் பௌலி 1936-இல் காட்டியது இதைத்தான். ஒற்றைப்படைப் பரிமாணத்தில் மட்டும் இரண்டு வகை வரும்.