ஐந்தடிச் சுவருக்கு ஐந்தடி டப் போகுமா?

அட்டன்காரி:
வீட்டுக் குளியலறையைத் திருத்துகிறோம். 5 அடிக்கு 7 அடி. 5 அடிச் சுவரோரமாக ஒரு டப், அதாவது குளியல் தொட்டி, போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நேற்று இந்தக் குழுவில் கொத்தனார் ரசமட்டம் அண்ணே வேறு யாருக்கோ எழுதிய பதிலைப் பார்த்ததும் எரிச்சல் வந்துவிட்டது. "ஐந்தடி அறைக்கு டப் கேட்கிறவர்கள் அளவுநாடாவைக் கண்ணால் காணாதவர்கள்" என்றாராம். நான் நாடா பிடித்துத்தான் அண்ணே பார்த்தேன். சுவர் 5 அடி. கடையிலும் 5 அடி டப் என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஏன் போகாது?

ரசமட்டம்:
போகாது. கல்லுக்குக் கல், அதாவது பூசாத சுவருக்குச் சுவர், 5 அடி என்றால் 60 அங்குலம். இந்தப் பக்கம் அரை அங்குலப் பூச்சு, அந்தப் பக்கம் அரை அங்குலப் பூச்சு. மிச்சம் 59. அதற்கு மேல் டைல்ஸும் பசையும் ஏறினால் 58-தான். 22 வருடமாகக் கரண்டி பிடிக்கிறவன் சொல்கிறேன், டப்பை மறந்துவிட்டு ஷவர் போடுங்கள்.

பனிமலை:
பாஸ், கரண்டி பிடித்த வருடத்தைச் சொன்னீர்கள், டப்பை அளந்த நாளைச் சொல்லவில்லையே. ஐந்தடி என்று விற்கிற டப்பில் பாதிக்கு மேல் 1500 மில்லிமீட்டர் டப். அது 59 அங்குலம். ஐந்தடி என்றால் 1524. பூச்சு முடிந்ததும் முதலில் டப்பை உட்கார வைக்க வேண்டும். டைல்ஸ் அதன் விளிம்புக்கு மேல் வந்து இறங்கும். அப்படிச் செய்தால்தான் தண்ணீர் பின்னால் ஒழுகிச் சுவர் ஊறாது. நுவரெலியாவில் என் வீட்டில் அப்படித்தான் போட்டேன்.

ரசமட்டம்:
பாதிக்கு மேல் என்று எந்தக் கடையில் எண்ணினீர்கள்? சரி, 1500 என்றே வைத்துக்கொள்வோம். 1524-இல் இரண்டு அரை அங்குலம், அதாவது 25.4 கழித்தால் 1498.6. உங்கள் டப் 1500. அந்த ஒன்றரை மில்லிமீட்டரை என்ன செய்வீர்கள், சட்டைப் பையிலா போடுவீர்கள்?

பனிமலை:
பூச்சை லேசாகச் சுரண்டினால் போகும்.

ரசமட்டம்:
சுரண்டுவாராம். சுரண்டிய இடத்தில் ஈரம் ஏறினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? என்னைத்தான். போன மழைக்காலத்தில் கூரைச் சரிவு விஷயத்திலும் இதே ஆள் இதே மாதிரித்தான் பேசினார். பிறகு யார் வீட்டில் வாளி வைத்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

பனிமலை:
கூரையை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த வாளி பூனைக்குத் தண்ணீர் வைத்தது.

கிணற்றடி:
நான் யாழ்ப்பாணம், வேலைக்காக நானுஓயாவில் இருக்கிறேன். எங்கள் ஊரில் விடிய எழும்பிக் கிணற்றடியில் பத்து வாளி அள்ளி வார்த்தால் உடம்பு பஞ்சு மாதிரி. இஞ்சத்தையச் சனத்துக்கு இப்ப தோட்டத்துத் துரைமார் மாதிரி தொட்டிக்குள் கிடக்க ஆசை வந்திட்டுது போல.

பீலிக்கரை:
ஐயா, 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில், புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது அந்தப் பத்து வாளியை ஊற்றிப் பாருங்கள். வாளியோடு உங்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டி வரும். நாங்கள் மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற பீலியில் நின்று குளித்து வளர்ந்தவர்கள், எங்களுக்குக் குளிரைச் சொல்லித் தர வேண்டாம். துரை பங்களா டப்பைப் பற்றியும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். அப்பா பங்களாவில் அப்புவாக, அதாவது துரை வீட்டு வேலையாளாக, இருந்தவர். ஐந்து மணிக்கே எழுந்து கொதிகலனுக்கு விறகு தள்ளினால்தான் துரைக்கு ஏழு மணிக்குச் சுடுதண்ணீர். வார்ப்பிரும்பு டப், நான்கு காலும் சிங்கத்தின் பாதம் மாதிரி இருக்கும். பங்களாவைத் திருத்தியபோது வெளியே போட்டார்கள். நாலு பேர் பிடித்து மூன்று முறை இறக்கி வைத்துத்தான் எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் கொண்டு வந்தோம். இன்றைக்கும் அதில்தான் எங்கள் மாடு தண்ணீர் குடிக்கிறது. எனாமல் ஒரு மூலையில் மட்டும்தான் பெயர்ந்திருக்கிறது, மாட்டின் கொம்பு பட்ட இடம்.

கிணற்றடி:
மாடாவது குடிக்கட்டும்.

பீலிக்கரை:
அட்டன்காரி தங்கச்சி, இவர்கள் சண்டையை விடு. கீசர் எத்தனை லீட்டர்? சின்ன டப்புக்கே 150 லீட்டர் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் 15 பாகை, கீசரில் 60, குளிக்க 40 என்று வைத்தால், 150-இல் 83 லீட்டர் கீசரிலிருந்து வர வேண்டும். 30 லீட்டர் கீசரை நம்பினால் டப்பில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போதே குளிர்ந்த பச்சைத் தண்ணீர்தான் வரும். முழங்கால் நனையும், முதுகு நடுங்கும்.

அட்டன்காரி:
30 லீட்டர்தான் அண்ணே. ஐயோ. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதற்காகத்தான் சுடுதண்ணீரில் உட்காரக் கேட்கிறார். இன்னொன்று, நான் பழைய டைல்ஸை உடைத்த பிறகு, பூச்சின் மேல்தான் 5 அடி அளந்தேன்.

ரசமட்டம்:
கீசர் பிறகு. அளவுதான் முதலில். 1498.6-க்குள் 1500 போகாது. இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

மழைக்கோட்டு:
அக்கா பூச்சின் மேல் அளந்தேன் என்கிறாரே? அப்படியென்றால் 24 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது. யாரும் படிக்கவில்லையா? முழங்கால் வலிக்காரர் அந்த உயர விளிம்பைத் தாண்டிக் காலை எப்படி வைப்பார் என்றும் யாராவது கேளுங்கள். சுவரில் கைப்பிடி வைக்காமல் போட்டுவிடாதீர்கள்.

ரசமட்டம்:
தம்பி நேற்று வந்தவர். அந்தத் தங்கச்சி எந்த நாடாவில் அளந்தார் என்று கேட்டீர்களா? தையல் நாடாவாக இருந்தால் இழுத்த இழுப்புக்கு வரும்.

அட்டன்காரி:
தையல் நாடாதான். ஆனால் புதியது.

ரசமட்டம்:
பார்த்தீர்களா!

பனிமலை:
நாடா இழுபட்டால் சுவர் குறைவாகத்தானே காட்டும்? அப்போது சுவர் 5 அடிக்கு மேலே இருக்கும். பாஸுக்கு 22 வருடத்தில் அதுவும் பிடிபடவில்லை.

ரசமட்டம்:
நான் சொன்னது அவர் இழுத்துப் பிடித்த விதத்தை. தொய்வாகப் பிடித்தால் கூடுதலாகக் காட்டும். தலைகீழாகத் திருப்பாதீர்கள்.

கிணற்றடி:
இழுப்பது என்றால் தொய்வா? எங்கட ஊர்த் தையல்காரர் கேட்டால் சிரிப்பார்.

பீலிக்கரை:
உங்கள் ஊர்த் தையல்காரர் டப் தைப்பாரா?

அட்டன்காரி:
நாளை கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். 1500-ஆ, இல்லை, 1200-இல் உட்கார்ந்து குளிக்கிற ஆழமான டப் ஒன்றும் இருக்கிறது என்றார், அதுவா? யாராவது சொல்லுங்களேன்.

பனிமலை:
1500. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

ரசமட்டம்:
கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் எப்படித் தெரியும்?

பனிமலை:
அது 1.4. நீங்கள்தான் ஒன்றரை ஆக்கிவிட்டீர்கள். இப்படித்தான் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது, பில்லையும் சேர்த்து.

ரசமட்டம்:
என் பில்லைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன இருக்கிறது? 1.4 என்றாலும் போகாது.

பனிமலை:
போகும்.