காம்பியாவுக்குப் புதுசா வர்றீங்களா? காய்ச்சல், மருந்து, ஆஸ்பத்திரி பத்தி கொஞ்சம்

வேலை உறுதியானதும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி எபோலா பத்திதான். 2014-16ல இதே மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற கினி, சியரா லியோன், லைபீரியாவுல ஆயிரக்கணக்குல செத்தப்போகூட காம்பியாவுல ஒரு கேஸ்கூட பதிவாகல. அந்தப் பயத்தை அப்படியே மலேரியா மேல திருப்பி வைங்க.

நம்ம ஊர்ல காய்ச்சல்னா என்ன பண்ணுவோம்? ஒரு டோலோ, ரசம் சாதம், மூணு நாள் பாத்துட்டு டாக்டர். இங்க அந்தக் கணக்கு ஆகாது. நம்ம பக்கம் நிறைய பேருக்கு வர்றது வைவாக்ஸ் மலேரியா, படுத்தி எடுக்கும், பெரும்பாலும் ஆளை விட்டுடும். இங்க வர்றது கிட்டத்தட்ட எல்லாமே ஃபால்சிபாரம்ங்கற ஆளைக் கொல்லக்கூடிய வகை. காலைல காய்ச்சல்னு படுத்தவர் மறுநாள் நினைவு தப்பிக் கிடக்கலாம். ஜூன்ல இருந்து அக்டோபர் வரை மழை. மழை முடியற நேரத்துல, செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும்தான் கேஸ் எகிறும். அந்த மாசங்கள்ல உடம்பு சுட்டா அன்னிக்கே டெஸ்ட். விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்துல ரிசல்ட், சின்ன கிளினிக்லயும் பண்ணுவாங்க.

கூட வேலை பாக்கற காம்பியாக்காரர் "மலேரியாதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வார். அவர் சொல்றது அவருக்குச் சரி. பிறந்ததுல இருந்து கடி வாங்கி வாங்கி உடம்புல ஓரளவு எதிர்ப்பு ஊறியிருக்கு. நமக்கு அது கிடையாது. சின்ன வயசுல சென்னைல மலேரியா வந்து போச்சுங்கறதும் இங்க கணக்குல வராது.

பாசிட்டிவ்னா பெரும்பாலும் ஆர்டிமெதர்-லூமிஃபேன்ட்ரின் மாத்திரை, மூணு நாளைக்கு ஆறு வேளை. காய்ச்சல் இறங்கிடுச்சேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. அப்புறம் இதை வெறும் கஞ்சியோட போட்டா சரியா உடம்புல ஏறாது, கொஞ்சம் கொழுப்பு வேணும். பால் குடிக்கலாம். இல்ல, இந்த ஊர் டொமோடா இருக்கே, வேர்க்கடலை அரைச்சு விட்டு எண்ணெய் மிதக்க மிதக்க வைக்கற குழம்பு, சோத்துல அதை ஊத்தி நாலு வாய் சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போடுங்க. வாந்தி நிக்கலைன்னாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையோட மல்லுக்கட்டாதீங்க, நேரா ஆஸ்பத்திரி. அங்க ஊசிதான்.

கொசுவலை கட்டாயம். இந்தக் கொசு ராத்திரிலதான் கடிக்கும். மருந்து தோய்ச்ச வலை குழந்தைங்க சாவைக் குறைக்கும்னு உலகத்துக்கு முதல்ல காட்டின ஆராய்ச்சிகள்ல முக்கியமானது இந்த ஊர் கிராமங்கள்ல நடந்ததுதான், எண்பதுகளோட கடைசியில. இங்க ஃபஜாராங்கற இடத்துல 1947ல இருந்து இயங்கற எம்.ஆர்.சி. (பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நிலையத்தோட வேலை அது.

இப்ப கொஞ்சம் சங்கடமான விஷயம். ஊர்ல இருந்து பெட்டி நிறைய சிரப் கட்டிக்கிட்டு வராதீங்க, தெரிஞ்சவங்க குழந்தைக்கும் எடுத்துக் கொடுக்காதீங்க. 2022ல இங்க எழுபது குழந்தைங்க வரைக்கும், பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள, சிறுநீரகம் செயலிழந்து செத்தாங்க. ஹரியானா கம்பெனி ஒண்ணு தயாரிச்ச நாலு இருமல், சளி மருந்துல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷ ரசாயனம் கலந்திருந்ததா அக்டோபர் 5 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டுச்சு. இந்திய அரசு தன் சோதனையில குறை இல்லைன்னு சொல்லிச்சு. இந்த ஊர்ல யார்கிட்டயும் அதைச் சொல்லி வாதாடாதீங்க, பிள்ளையைப் பறிகொடுத்தவங்க இவங்க. 2023 ஜூலைல இருந்து இந்திய மருந்துகளைக் கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடியே சோதிக்கணும்னு காம்பியா விதி வச்சிருக்கு. எங்கயோ வடக்கன் கம்பெனின்னு நாம ஒதுங்கிக்கவும் முடியாது. 2025ல மத்தியப் பிரதேசத்துல இருபதுக்கும் மேல குழந்தைங்க உயிரைக் குடிச்ச சிரப் காஞ்சிபுரம் பக்கம் தயாரானது. ஒரு வயசு தாண்டின குழந்தைக்குச் சாதாரண இருமல்னா தேன், வெந்நீர் போதும். மூச்சு இழுத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ உடனே டாக்டர்.

பெரிய அரசு ஆஸ்பத்திரி தலைநகர் பான்ஜுல்ல இருக்கற எட்வர்ட் ஃபிரான்சிஸ் ஸ்மால் போதனா மருத்துவமனை. செரெகுண்டா பக்கம் கனிஃபிங் பொது மருத்துவமனை. டாக்டர்கள் கெட்டிக்காரங்க. மருந்து, கையுறை, ஸ்கேன் மெஷின்னு பொருள்தான் இழுபறி, பல நேரம் வெளிய வாங்கிட்டு வரச் சொல்வாங்க. ரத்தம் தேவைப்பட்டா சொந்தக்காரங்க பதிலுக்குக் கொடுக்கணும். சொந்தம்னு இங்க நமக்கு யாரு? அதனால வீட்ல எல்லாரோட ரத்தப் பிரிவையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நம்ம ஆளுங்களோட வாட்ஸப் குரூப்ல வந்த வாரமே சேந்துடுங்க. பெரிய இதய, மூளை சிகிச்சைன்னா பக்கத்து நாடான செனகலோட தலைநகர் டக்கார் போக வேண்டி வரலாம். கம்பெனி இன்சூரன்ஸ்ல விமானத்துல கொண்டு போற செலவு அடங்குமான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேளுங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல, கிளம்ப பத்து நாளாவது இருக்கும்போது போட்டுக்கோங்க. அட்டை ஆயுசுக்கும் செல்லும். அது இல்லாம லீவுக்குத் திரும்பினா, ஏர்போர்ட்லயே பிடிச்சு ஆறு நாள் வரை தனிமைல வைக்கலாம். லீவுல ஊர்ல காய்ச்சல் வந்தா டாக்டர் டெங்கு டெஸ்ட்தான் முதல்ல எழுதுவார். "ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கேன், மலேரியாவும் பாருங்க"ன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லணும்.

அப்பாவைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்ட தம்பிக்கு: சுகர் மட்டும்னா, கட்டுப்பாட்டுல இருந்தா வரலாம். மாத்திரையை டாக்டர் சீட்டோட கைப்பையில வைக்கச் சொல்லுங்க. இன்சுலின் போடறவர்னா கரண்ட் போற நேரத்தை யோசிக்கணும், இன்வெர்ட்டர் உள்ள வீடா பாருங்க. டயாலிசிஸ் நிலைமைல இருக்கார்னா இப்போதைக்கு ஊர்லயே இருக்கட்டும்.