ஒரே எழுத்தில் தொடங்கும் பிரபலங்கள்: கேள்வி எங்கே கவிழ்கிறது?

மணியடி

ஒரே எழுத்தில் தொடங்கும் பிரபலங்களை வைத்து வினாடி வினா தயாரிப்பவர்கள் சந்திக்கும் சிக்கல்களை இங்கே போடலாம். ‘அன்று மேடையில் நான்…’ வகைக் கதை வேண்டாம். பெயர், எழுத்து, எங்கே இடிக்கிறது, என்ன பரிகாரம், அவ்வளவு போதும்.

அரைத்த மாவு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். முதற்பெயரும் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும் அமெரிக்க அதிபர்கள் யார்? ஆங்கிலத் தொகுப்புகளில் விடை நான்கு: உட்ரோ வில்சன், கால்வின் கூலிட்ஜ், ஹெர்பர்ட் ஹூவர், ரொனால்ட் ரீகன். இதை அப்படியே தமிழில் கேட்டால் முதல் ஆளே விழுந்துவிடுகிறார். உட்ரோவுக்கு உ, வில்சனுக்கு வி. மிச்சம் மூவர். அவர்களும் தேறமாட்டார்கள். கா வேறு, கூ வேறு. ஹெ வேறு, ஹூ வேறு. ரொ வேறு, ரீ வேறு. 247 எழுத்து எண்ணிப் படித்த பிள்ளை எழுந்து, “ஒருத்தர்கூட இல்லையே சார்” என்றால் அவன் சொல்வதுதான் சரி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வில்சனின் முழுப்பெயர் தாமஸ் உட்ரோ வில்சன். கூலிட்ஜ் பிறந்தபோது ஜான் கால்வின் கூலிட்ஜ். பிறப்புப் பெயர் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் ஆங்கிலத்திலும் ஹூவரும் ரீகனும்தான் நிற்பார்கள். ஆகவே ‘ஆங்கில எழுத்துப்படி’, ‘பரவலாக அறியப்பட்ட பெயரில்’ என்ற இரண்டும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். விடை சொல்லும்போது சேர்த்துக்கொண்டால் ரகளைதான்.

நாலுவரி நோட்டு

மணியடி சார் சொன்னதோடு ஒன்று. ‘ம எழுத்து’ என்பது வேறு, ‘ம வரிசை’ என்பது வேறு. வரிசை என்று கேட்டால் ம முதல் மௌ வரை பன்னிரண்டும் உள்ளே வரும், ரீகனும் ர வரிசையில் தப்பித்துக்கொள்வார். எழுத்து என்று கேட்டால் உயிர்மெய் அச்சாக ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒத்துப்போகிற பெயர்கள் குறைவு, ஆனால் அருமையான கேள்வி ஆகும்: சார்லி சாப்ளின், மர்லின் மன்றோ, கலிலியோ கலிலி. நம் பக்கம் ஜெ. ஜெயலலிதா, அந்த ஜெ. தந்தை ஜெயராம். மர்லின் மன்றோவிடம் மட்டும் எச்சரிக்கை. 1926-இல் பிறந்தபோது அவர் நார்மா ஜீன் மார்ட்டென்சன். நா, ஜீ, மா என்று மூன்றும் மூன்று திசை.

ர, ல கேள்விகள் வகுப்பறையில் இன்னும் மோசம். மரபுப்படி ர, ல, ட ஆகியவை சொல்லுக்கு முதலில் வராது. அதனால் ராமானுஜனை ‘இராமானுசன்’ என்றும், லெனினை ‘இலெனின்’ என்றும் எழுதப் பழகிய பிள்ளைக்கு அவர்கள் ‘இ’க்காரர்கள். ‘ர வரிசையில் ஒரு கணித மேதை’ என்று துப்புக் கொடுத்துவிட்டு, அவன் விழிப்பதைப் பார்த்துத் திட்டக் கூடாது. ஷ, ஸ, ஜ, ஹ வரும் பெயர்களுக்கும் இதே கதி. ஷேக்ஸ்பியர் சிலர் கையில் சேக்சுபியர். எழுத்தைத் துப்பாகக் கொடுப்பதாக இருந்தால் இந்தப் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது.

கடைசி பெஞ்ச்

செஸ் வீரர் பாபி ஃபிஷர் எந்தக் கணக்கு? பாபி பிஷர் என்றும் எழுதுகிறார்களே.

நாலுவரி நோட்டு

ஆய்தம் போட்டால் இரண்டு எழுத்து, போடாவிட்டால் இரண்டும் ப வரிசை. ஆங்கிலத்தில் முதலாவது பி, இரண்டாவது எஃப், ஒட்டே கிடையாது. ராக் பாடகர் கர்ட் கோபேனும் அதே ஜாதி: ஆங்கிலத்தில் கே, சி, தமிழில் இரண்டும் க வரிசை. அந்த மொழியில் ஐந்தாறு எழுத்துக்குச் சிதறிக் கிடப்பவர்களை நம் க, ச, ப மூன்றும் வாரிச் சுருட்டிக்கொள்ளும். கேள்வி தயாரிப்பவருக்கு அது வசதிதான். ஆங்கிலப் பட்டியலில் தேடினால் கிடைக்காத ஜோடிகள் இப்படித்தான் அகப்படும்.

தம்புராக்காரி

வெளிநாட்டுப் பெயரை விடுங்கள், நம்மூர் இனிஷியலில்தான் வண்டி குடைசாய்கிறது. ‘எம்.எஸ்.’ என்ற இரண்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி: மதுரை, சண்முகவடிவு. ஊர், தாய்.
எம்.எஸ். விஸ்வநாதன்: மனயங்கத்து, சுப்பிரமணியன். வீட்டுப் பெயர், தந்தை.
எம்.எஸ். சுவாமிநாதன்: மான்கொம்பு, சாம்பசிவன். கேரளத்தின் குட்டநாட்டில் உள்ள பூர்வீக ஊர், தந்தை. அவர் பிறந்தது கும்பகோணத்தில் என்பதால் பலர் எம் எழுத்துக்கு ஊர் தேடிக் குழம்புவார்கள்.
எம்.எஸ். தோனி: மகேந்திர சிங். ஊரும் இல்லை, தந்தையும் இல்லை, சொந்தப் பெயரே.

நான்கு எம்.எஸ்., நான்கு விதம். ‘இனிஷியலில் தந்தை பெயர் இல்லாதவர்கள் இவர்களில் யார் யார்?’ என்று கேட்டால் நல்ல கேள்வி. சுப்புலட்சுமி அம்மாவும் தோனியும் விடை. பாதிப்பேர் சண்முகவடிவை ஆண் பெயர் என்று நினைத்துக் கோட்டை விடுவார்கள். அவர் வீணைக் கலைஞர்.

தாய் பெயரைத் தாங்கிய இனிஷியல்கள் மட்டுமே ஒரு சுற்றுக்குத் தேறும். எம்.எல். வசந்தகுமாரிக்கு மெட்ராஸ், லலிதாங்கி. கே.பி. சுந்தராம்பாளுக்குக் கொடுமுடி, பாலாம்பாள். எம்.எஸ்., எம்.எல்.வி. ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படும் டி.கே. பட்டம்மாள் மட்டும் தந்தை வழி: தாமல் கிருஷ்ணசாமி. தாமல் காஞ்சிபுரத்தை அடுத்த ஊர்.

பட்டம்மாளிடம் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அவருடைய ‘டி’ ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து. டி.எம். சௌந்தரராஜனின் ‘டி’ இருபதாவது எழுத்து. தொகுளுவா மீனாட்சி ஐயங்கார் என்பதன் முதல். தமிழில் அச்சடித்தால் இரண்டும் ஒரே டி. ‘இனிஷியல் ஒரே எழுத்தில் தொடங்கும் இரு பாடகர்கள்’ என்று இவர்களைத் திரையில் போட்டால், ஆங்கிலம் தெரிந்த அணி தவறு என்று கைதூக்கும். முழுப்பெயரைத் தமிழில் எழுதினால் தா, தொ. இரண்டும் த வரிசை. அப்போது கைதூக்கிய அணி உட்கார வேண்டியதுதான்.

மணியடி

அருமை அம்மா. கே.பி. என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘கே.’ என்கிற ஒரே ஒலிக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்: கொடுமுடி (சுந்தராம்பாள்), குமாரசாமி (காமராஜர்), கைலாசம் (பாலசந்தர்). ஆங்கில இனிஷியலைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதும் பழக்கம் அசல் எழுத்தை மூடிவிடுகிறது. ‘ஜி.’யும் அப்படித்தான். ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்குக் கூடலூர், ஜி.டி. நாயுடுவுக்குக் கோபால்சாமி. தமிழில் ஜி எழுத்தே இல்லாத இடத்தில் ஜி உட்கார்ந்திருக்கிறது.

எம். இனிஷியலில் முதலமைச்சர்களைக் கேட்டாலும் நால்வர் கிடைப்பார்கள்: எம். பக்தவத்சலம், மு. கருணாநிதி, எம்.ஜி.ஆர்., மு.க. ஸ்டாலின். முதலாமவருக்கு மீஞ்சூர், மூன்றாமவருக்கு மருதூர், மற்ற இருவருக்கும் முத்துவேல். மு. என்று தமிழிலேயே எழுதிப் பழகியவர்களும் எம். என்று ஒலிபெயர்த்தவர்களும் கலந்திருப்பதால், தமிழ்க் கேள்வித்தாளில் இந்த நால்வரும் ஒரே கூட்டம் என்று சட்டென்று தெரியாது. கடினமான முதல் துப்பு வேண்டுமென்றால் இது உதவும்.

ஒளிச்சிதறல்

சி. பற்றி யாரும் சொல்லவில்லை. அதில்தான் சுவை அதிகம்.

சி. சுப்பிரமணிய பாரதியின் சி. தமிழ் எழுத்து, சின்னசாமியின் முதல். சி.என். அண்ணாதுரையின் சி. ஆங்கில எழுத்து, காஞ்சிபுரத்தை வெள்ளைக்காரன் ‘கான்ஜீவரம்’ என்று எழுதியபோது முன்னால் வந்து நின்ற சி. தமிழில் அவர் கா.ந. அண்ணாதுரை. அச்சில் இரண்டு சி.யும் ஒன்றுபோல இருக்கும், வேர் வேறு.

சி.வி. ராமனிடம் அதைவிடப் பெரிய பொடி இருக்கிறது. சி. தந்தை சந்திரசேகர். வி. பாட்டனும் இல்லை, ஊரும் இல்லை. அவருடைய சொந்தப் பெயரான வெங்கடராமன் இரண்டாக உடைந்து, முன்பாதி இனிஷியல் ஆகிவிட்டது. ‘வி. எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டால் ‘வெங்கட’ என்று சரியாகச் சொல்லிவிட்டு, அது யார் பெயர் என்று தொடர்ந்து கேட்டால் தடுமாறுவார்கள்.

அங்கிருந்து ஒரே தாவு. ராமனின் அண்ணன் சி. சுப்பிரமணியன். அவர் மகனுக்குத் தாத்தா பெயர்: சு. சந்திரசேகர். தந்தையின் இனிஷியல் மகனின் பெயர், மகனின் இனிஷியல் தந்தையின் பெயர். சித்தப்பாவுக்கு 1930-இல் நோபல், அண்ணன் மகனுக்கு 1983-இல். ஆங்கிலத்தில் சுப்பிரமணியன் எஸ், சந்திரசேகர் சி. தமிழில் இரண்டும் ச வரிசை. மணியடி கேட்ட ‘இரட்டை எழுத்து’ நபர் இதோ ஒருவர் தமிழில் மட்டும் கிடைக்கிறார்.

மூன்றாம் அம்பயர்

கிரிக்கெட்டில் இந்தச் சுற்றுக்கு மாற்றே இல்லாத சரக்கு மேற்கிந்தியத் தீவுகளின் ‘மூன்று டபிள்யூ’: ஃபிராங்க் வொரல், எவர்டன் வீக்ஸ், கிளைட் வால்காட். மூவரும் பார்படாஸ்காரர்கள். வொரல் 1924 ஆகஸ்ட், வீக்ஸ் 1925 பிப்ரவரி, வால்காட் 1926 ஜனவரி. பதினெட்டு மாதத்துக்குள் மூவரும் பிறந்தாயிற்று. டெஸ்ட் அறிமுகமும் 1948-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஒரே தொடர். ‘ஒரே போட்டி’ என்று எழுதிவிடாதீர்கள். வீக்ஸும் வால்காட்டும் முதல் டெஸ்ட், வொரல் இரண்டாவது. மூவருக்குமே சர் பட்டம் கிடைத்தது.

தமிழில் மூவரும் வ வரிசை, தகராறு இல்லை. ஆனால் வாசிம் அக்ரம், வக்கார் யூனிஸ் ஜோடியை இவர்களோடு கலந்து ‘ஐந்து டபிள்யூ’ என்று போடும் பழக்கம் இருக்கிறது. அது தப்பு. இவர்களுக்குக் குடும்பப் பெயரில் எழுத்து, அவர்களுக்கு முதற்பெயரில். ஒரு சுற்றுக்குள் விதி மாறக் கூடாது.

சென்னைக்காரர்களுக்கென்று ஒரு துணைக்கேள்வி. வீக்ஸ் தொடர்ந்து ஐந்து டெஸ்ட் இன்னிங்ஸில் சதம் அடித்தார். கிங்ஸ்டனில் 141, டெல்லியில் 128, பம்பாயில் 194, கல்கத்தாவில் 162, 101. ஆறாவது எங்கே தவறியது? 1949 ஜனவரியில் சென்னையில், 90 ரன்னில், ரன் அவுட்.

கடைசி பெஞ்ச்

இவ்வளவையும் அட்டையில் எப்படி எழுதி வைப்பது? நடத்துபவர் ஒருவர், தயாரித்தவர் வேறொருவர் என்றால் என்ன செய்வது?

மணியடி

அட்டைக்கு ஒரு பெயர்தான். மேல் வரியில் பரவலான வடிவம்: எம்.எல். வசந்தகுமாரி. அடுத்து விரிவு: மெட்ராஸ் லலிதாங்கி. அதற்குக் கீழே எந்த எழுத்தை எண்ணுகிறீர்கள், ஆங்கிலமா தமிழா, எழுத்தா வரிசையா. கடைசியில் ஏற்கத்தக்க மாற்று விடைகள்; வசந்தகுமாரி என்று மட்டும் சொன்னாலோ எம்.எல்.வி. என்றாலோ மதிப்பெண் உண்டா என்பது இங்கேயே முடிவாகிவிட வேண்டும். விரிவு நிச்சயமாகத் தெரியாத பெயரை வைக்கவே வைக்காதீர்கள். இனிஷியலுக்கு ஊகத்தில் விரிவு எழுதுவதுதான் இந்தத் துறையின் பெரிய வியாதி.

நான்கு துப்பு கொடுத்து ‘பொது வரிசை என்ன?’ என்று கேட்கும் சுற்றில் முதல் துப்புக்கு 20, கடைசித் துப்புக்கு 5 என்று இறக்குங்கள். இனிஷியல் ஒலிபெயர்ப்பு மூடியிருக்கும் ஆளை முதலில் வையுங்கள். ஜி.என்.பி.யின் கூடலூர் முதலில், காமராஜர் மூன்றாவது, கடைசியில் கலிலியோ. கலிலியோவை முதலில் காட்டினால் பஸ்ஸர் உடனே அலறும், மீதி மூன்று ஸ்லைடும் வீண்.

கடைசி பெஞ்ச்

சரி சார். டி. குகேஷ் எந்த வரிசை?

தம்புராக்காரி

பட்டம்மாளின் டி.யேதான், நான்காவது எழுத்து. தொம்மராஜு குகேஷ். அது குடும்பப் பெயர். தந்தை பெயர் ரஜினிகாந்த். ஆக ஆங்கிலத்தில் டி, தமிழில் த வரிசை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவரிடம் உலக செஸ் பட்டத்தை இழந்த டிங் லிரெனுக்கும் டிங் என்பது முன்னால் வரும் குடும்பப் பெயர்தான். அவர் ஆங்கிலத்திலும் டி, தமிழிலும் ட வரிசை. இருவரையும் ஒரே ஸ்லைடில் போடுவதாக இருந்தால் ‘ஆங்கில எழுத்துப்படி’ என்று எழுத மறக்காதே தம்பி.