குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டின் அடியில் தண்ணீர்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஈசூன்வாசி:
கீரைக்கட்டு தண்ணீரில் மிதந்தது. ஈரம் வடியாமல் உள்ளே வைக்கிறார் என்று அம்மாவை மூன்று நாள்கள் கடிந்துகொண்டேன். நான்காம் நாள் கீரையே இல்லாத தட்டின் அடியிலும் தண்ணீர் நின்றபோதுதான், மேலே உறைபெட்டியின் தளத்தில் விரல் பருமனுக்குப் பனிப்பாளம் படர்ந்திருப்பதைக் கவனித்தேன். மின்னிணைப்பைத் துண்டித்து, உள்பக்கப் பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், குளிர்ச்சுருளுக்குக் கீழே உருகிய நீர் வடிய வேண்டிய வாய்க்கால் முழுவதும் கட்டியாக உறைந்திருந்தது. மகனுக்கு மருந்து புகட்டும் ஊசியில்லாத சிரிஞ்சால் கொதிநீரை அந்த வாய்க்காலின் வடிதுளையில் விட்டுக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ‘களக்’ என்று ஓர் ஒலி எழுந்தது. தேங்கிய நீர் முழுவதும் சுழித்துக்கொண்டு இறங்கியது. அந்த ஒலி இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவிடம் நான் பேசிய பேச்சும்தான்.

பிடோக் அக்கா:
எல்லாருக்கும் பின்தகட்டைக் கழற்றும் வேலை வராது. எங்கள் பெட்டியில் துளை கீழறையின் பின்சுவரிலேயே கண்ணுக்குத் தெரியும். வளைந்துகொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நுழைத்து மெதுவாகத் திருகி இழுத்தபோது ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு வந்தது. கறுத்து, வழவழவென்று, தேக்கா சந்தையில் வாங்கி எத்தனை மாதமாயிற்றோ! அதோடு வந்த வாடையில், வரவேற்பறையில் இருந்த கணவர் எழுந்து வந்துவிட்டார்.

தெம்பனிஸ் பழையவர்:
ஈசூன்வாசி கொதிநீர் விட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது உள்சுவரின் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யலாம். கை பொறுக்கும் வெந்நீரே போதும். என் கதை சிறியது: இரண்டு லிட்டர் ஊற்றினேன், பின்புறம் கம்ப்ரெசருக்கு மேலுள்ள தட்டு நிரம்பி வழிந்து சமையலறைத் தரை நனைந்தது. அன்றாடம் வடியும் சிறிதளவு நீரைக் கம்ப்ரெசரின் சூட்டில் ஆவியாக்கத்தான் அந்தத் தட்டு இருக்கிறது. நாம் குடம் குடமாக ஊற்றுவதை அது தாங்காது. வேலை முடிந்ததும் அதைத் துடைத்துவிடுங்கள், ஏனெனில் தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். பனிக்கட்டியைக் கத்தியால் குத்தவே கூடாது. சுருளின் மெல்லிய குழாயில் ஓட்டை விழுந்தால் குளிரூட்டும் வாயு வெளியேறிப் பெட்டியே வீணாகும். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் என்ற வாயு தீப்பற்றக்கூடியதும்கூட. திரும்பத் திரும்ப உறைந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பனியுருக்கும் ஹீட்டரில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைத் துளைக்குள் இறக்கிவிடுங்கள். ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் துளைக்கும் சூடு போகும். கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்தால், நம் சிங்கப்பூரின் ஈரக்காற்று உள்ளே புகுந்து பனியைப் பெருக்கிக்கொண்டே இருக்கும்.

ஈசூன்வாசி:
கத்தியை எடுத்ததாக நான் எங்கும் எழுதவில்லை, ஐயா. கொதிநீர் பற்றிச் சொன்னது சரி. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன், நல்லவேளை, விரிசல் இல்லை. அடைத்துக்கொண்டது துளைதான் என்று அம்மாவிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். “அப்படியென்றால் இனிமேல் கீரையைக் கழுவியே வைக்கலாம்தானே?” என்றார்.